போட்டிச் சுடுதலுக்கு முதல் பிஸ்டல்: 9 மி.மீ. போதுமா, .40 வேண்டுமா?

கண்டனூர்_இளையவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டன் பக்கத்தில் வேலை பார்க்கிறவன். தங்கை திருமணத்தை முன்னிட்டு இப்போது கண்டனூரில் இருக்கிறேன். ஹூஸ்டனில் நண்பர் ஒருவரோடு யூஎஸ்பிஎஸ்ஏ கிளப் போட்டியைப் பார்க்கப் போனதிலிருந்து, ஓடிக்கொண்டே அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடும் அந்த விளையாட்டில் இறங்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இதுவரை எனக்கென்று துப்பாக்கி வாங்கியதில்லை. ஹூஸ்டன் திரும்பியதும் வாங்க வேண்டும். அதற்குள் தெளிந்துகொள்ளலாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

கடைக்காரர் .45 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) வாங்கச் சொல்கிறார்; பெரியதில் பழகினால் சிறியது தானாக வசப்படும் என்பது அவர் வாதம். அலுவலகத்தில் ஒருவர் .40தான் போட்டிக்கு உரியது என்கிறார். போட்டியில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது 9 மி.மீ. துப்பாக்கி, உறை, மேகசின், முதல் சில மாதங்களுக்கான தோட்டா எல்லாவற்றையும் 1,500 டாலருக்குள் முடிக்க நினைக்கிறேன். கூடவே இன்னொரு கேள்வியும் உண்டு. காரைக்குடியில் இருக்கும் என் அத்தை மகனுக்கும் இதில் ஆசை வந்துவிட்டது. அவன் இங்கிருந்தே இந்த விளையாட்டைத் தொடங்க வழி இருக்கிறதா?

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

தம்பி, காலிபரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள்? எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கி யாருடையது என்பதைச் சட்டம் பெரிதாகப் பார்ப்பதில்லை. உங்கள் கையில் இருந்ததா என்பதையே பார்க்கும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

கண்டனூர்_இளையவன் எழுதியது:

கிரீன் கார்டு வந்துவிட்டது, அண்ணே. இந்தச் சட்டத்தை நான் அறிந்திருக்கவில்லை. என்னோடு போட்டி பார்க்க வந்த இன்னொருவருக்கு இன்றே சொல்லிவிடுகிறேன்.

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

நல்லது. இனி விதிப்புத்தகத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த விளையாட்டில் காலிபரைத் தீர்மானிப்பது கடைக்காரரும் அல்ல, நமது விருப்பமும் அல்ல.

ஐபிஎஸ்சி என்ற உலக அமைப்பு 1976இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், ஆற்றல், வேகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்க வேண்டும் என்பதே அவர்கள் வகுத்த அடிப்படை. அமெரிக்காவில் அதே விளையாட்டை நடத்தும் யூஎஸ்பிஎஸ்ஏ 1984இல் உருவானது. துல்லியத்தை இலக்கு அட்டை அளக்கிறது, வேகத்தை டைமர் அளக்கிறது, ஆற்றலைப் பவர் ஃபேக்டர் என்ற எண் அளக்கிறது. குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறிய எடை அளவிலும் அதன் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 125ஐத் தொட்டால் மைனர் என்ற கீழ்த் தரம். யூஎஸ்பிஎஸ்ஏவில் 165ஐத் தொட்டால் மேஜர் என்ற மேல் தரம். ஐபிஎஸ்சியில் மேஜருக்கு, துப்பாக்கி வகைப்படி அமைந்த பிரிவுகளில், ஸ்டாண்டர்ட் பிரிவில் 170, ஓப்பன் பிரிவில் 160 என்று வைத்திருக்கிறார்கள். பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாக்களை எடுத்துச் சென்று, குண்டைப் பிரித்து எடை போட்டு, மீதியைச் சுட்டு வேகம் பார்ப்பார்கள். மேஜர் என்று அறிவித்துவிட்டு அளவு குறைந்தால் மைனராகக் கணக்கிடுவார்கள். 125ஐயும் தொடாவிட்டால் நீங்கள் சுட்ட எதற்கும் மதிப்பெண் கிடையாது.

கடையில் வாங்கும் சாதாரண 9 மி.மீ. தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 115 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,150 அடி வேகத்தில் போனால் 132 வருகிறது. 147 கிரெய்ன் குண்டு 900 அடியில் போனாலும் ஏறத்தாழ அதே 132தான். அதாவது பெட்டியைப் பிரித்து அப்படியே போட்டிக்குக் கொண்டுபோகலாம். .45இல் 230 கிரெய்ன் குண்டு 830 அடி வேகத்தில் வெளிவரும்போது 190 தாண்டிவிடுகிறது. மேஜருக்குத் தேவையான 165ஐவிட அது மிக அதிகம், அந்த மிகுதிக்கு எந்தப் போட்டியிலும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகத் தர மாட்டார்கள். உங்கள் மணிக்கட்டு மட்டும் அதை வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் தற்காப்புக்குத் துப்பாக்கி தேடி வருகிறவரை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். அது வேறு கணக்கு.

அடுத்தது பிரிவு. பெரிய மாற்றம் செய்யாத துப்பாக்கிகளுக்கான புரொடக்‌ஷன், கேரி ஆப்டிக்ஸ் ஆகிய இரண்டிலும் எந்தக் காலிபரில் சுட்டாலும் மைனர் என்றே எண்ணுவார்கள். புதிதாக வருகிறவர் நுழைய ஏற்ற பிரிவுகள் இவை இரண்டும்தான் என்பது என் கருத்து. மைனராகவே எண்ணப்படும் இடத்தில் பெரிய காலிபரைத் தூக்கிக்கொண்டு போவதில் பொருளே இல்லை. ஆகவே 9 மி.மீ. வாங்குங்கள், முழு அளவுத் துப்பாக்கியாக வாங்குங்கள். இடுப்பில் மறைத்து வைக்கும் குட்டி பிஸ்டல் வேண்டாம்.

கோனாபட்டு_குறிகாரன் எழுதியது:

அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் .40ஐ இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. லிமிடெட் பிரிவில் மேஜர் வேண்டுமானால் .40தான் குறைந்தபட்சக் காலிபர். மேஜராகச் சுடுகிறவருக்கு இலக்கின் சி பகுதியில் பட்டால் 4 மதிப்பெண், டி பகுதியில் பட்டால் 2. மைனருக்கு அவை முறையே 3, 1. நடுவிலுள்ள ஏ பகுதிக்கு மட்டும் இருவருக்கும் 5. புதிதாகச் சுடுகிறவர் ஏ பகுதியை அடிக்கடி தவறவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் சி, டி பகுதிகளுக்கு அதிக மதிப்பெண் தரும் மேஜர்தானே புதியவருக்குக் கைகொடுக்க வேண்டும்?

ஒரு கணக்குச் சொல்கிறேன். எட்டு அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு, மொத்தம் 16 குண்டு. 12 ஏ, 4 சி என்று சுட்டதாக வைத்துக்கொள்வோம். மேஜருக்கு 76 மதிப்பெண், மைனருக்கு 72. பத்து விநாடியில் முடித்தால் மதிப்பெண்ணை நேரத்தால் வகுத்து வரும் ஹிட் ஃபேக்டர் 7.6, 7.2 என்று அமையும். மைனர்காரர் இந்தப் பள்ளத்தை நிரப்ப அரை விநாடிக்கு மேல் வேகமாக ஓட வேண்டும். மேலும் .40 துப்பாக்கி வைத்திருப்பவர் இலேசான தோட்டா போட்டு மைனராகவும் சுடலாம், 9 மி.மீ. வைத்திருப்பவர் லிமிடெட்டில் மேஜர் என்று அறிவிக்கவே முடியாது. ஒருமுறை வாங்குவதைப் பல ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற நம் ஊர்க்காரருக்கு இது பொருந்தும்.

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

கணக்கு சரிதான், ஆனால் அது ஓரளவு தேர்ந்தவரின் கணக்கு. 16 குண்டில் 12 ஏ போடுகிறவரைப் புதியவர் என்று நான் சொல்ல மாட்டேன். புதியவரின் மதிப்பெண் கரைவது சி பகுதியில் அல்ல, அட்டையையே தவறவிடுவதில்தான். ஒரு குண்டு தவறினால் கிடைக்க வேண்டிய 5 போவதோடு 10 மதிப்பெண் தண்டமும் விழும். அதே எட்டு அட்டையில் 15 ஏ அடித்து ஒன்றை மட்டும் தவறவிட்டால் 75இலிருந்து 10 கழிந்து 65 ஆகிறது. பத்து விநாடிக்கு ஹிட் ஃபேக்டர் 6.5. பக்கத்தில் ஒருவர் நிதானமாக 16 ஏயும் அடித்து 12.3 விநாடியில் முடித்தால் அவருக்கும் ஏறத்தாழ அதே 6.5தான். ஒரே ஒரு தவறு இரண்டே கால் விநாடியை விழுங்குகிறது. சுடக் கூடாத வெள்ளை அட்டையில் பட்டாலும் பத்து போகும். இந்தத் தவறுகள் மேஜருக்கும் மைனருக்கும் ஒரே விலைதான். அவை எந்தத் துப்பாக்கியில் அதிகம் நேரும் என்றுதான் பார்க்க வேண்டும். சுடும்போது பின்னே தள்ளும் உதை அதிகமுள்ளதில்தான் நேரும். விசையை இழுக்கும் முன்பே கை பயந்து கீழே அழுத்துகிற பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உதிர்வது எளிதல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கும் 180 கிரெய்ன் .40 தோட்டா பெரும்பாலும் 1,000 அடி வேகத்தில் வரும். அது 180 பவர் ஃபேக்டர். 165ஐ ஒட்டி இதமாகச் சுட வேண்டுமானால் தோட்டாவை நாமே வீட்டில் கட்ட வேண்டும். லிமிடெட்டில் .40 சுடுகிறவர்களில் நான் அறிந்த அனைவரும் அப்படிச் செய்கிறவர்களே. மருந்து அளப்பதும், பிரஸ் இயந்திரமும், அதற்கான கவனமும் தனித் தொழில். துப்பாக்கியையே முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர் அதையும் கூடவே தொடங்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

கோனாபட்டு_குறிகாரன் எழுதியது:

தோட்டா கட்டாமல் .40 வாங்குவதில் பயனில்லை என்பதை ஏற்கிறேன். நான் கட்டுகிறவன் என்பதால் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. தம்பிக்கு அந்த எண்ணம் இல்லாவிட்டால் 9 மி.மீ.யே இருக்கட்டும்.

புதுவயல்_வாசகன் எழுதியது:

.45ஐ இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே என்று வருத்தமாக இருக்கிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலான 1911இன் விசைக்கு ஈடாக இன்னொன்றை நான் சுட்டதில்லை.

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

விசை அருமையானதுதான், மறுக்கவில்லை. அதற்கென்று யூஎஸ்பிஎஸ்ஏவில் சிங்கிள் ஸ்டாக் என்ற பிரிவே இருக்கிறது. ஆனால் அங்கே மேஜர் என்றால் மேகசினில் 8 தோட்டா, மைனர் என்றால் 10. முப்பத்திரண்டு குண்டு வேண்டியிருக்கும் ஸ்டேஜ் எனும் ஒரு நீண்ட சுற்றில் எங்கே நின்று மேகசினை மாற்றுவது என்று திட்டமிடுவதிலேயே புதியவரின் மனம் முழுவதும் போய்விடும். புரொடக்‌ஷனில் 15 தோட்டா போடலாம். அதுவே முதல் வருடத்துக்குப் போதிய சோதனை. 1911ஐ மூன்றாவது துப்பாக்கியாக ஆசைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

நான் மெல்போர்னில் ஐபிஎஸ்சி புரொடக்‌ஷன் சுடுகிறேன். அமெரிக்கக் கணக்கை மட்டும் படித்துவிட்டு வேறு நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் விளையாட்டுக்கான கைத்துப்பாக்கி பொதுவாக .38 காலிபருக்கு மேல் போகக் கூடாது, மேகசினில் 10 தோட்டாதான் இருக்கலாம், செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் குழல் 120 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உலகமெங்கும் விற்கும் கிளாக் 17இன் குழல் 114 மி.மீ. என்பதால் அது அப்படியே இங்கே செல்லாது. குழலை நீட்டி 17ஏ என்று தனியாகச் செய்து விற்கிறார்கள். .40 என்ற கேள்வியே எங்களுக்கு எழுவதில்லை. புதிதாகச் சேர்கிறவர் முதல் ஆறு மாதம் கிளப்பின் துப்பாக்கியில்தான் சுட வேண்டும். தொடக்கத்தில் அது தொல்லையாகத் தோன்றும். ஆனால் விதவிதமான பிடிகளைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது அதனால்தான்.

பிடி என்று சொல்லும்போது, ஆண்கள் இந்த இழையில் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கை சிறியது. சில துப்பாக்கிகளில் விசை வரைக்கும் விரல் நீள வேண்டுமானால் பிடியையே கோணலாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படிப் பிடித்தால் உதை கட்டைவிரல் எலும்பில் விழும், குண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கும். பிடியின் பின்பகுதியை மாற்றிப் பொருத்தும் வசதியுள்ள பாலிமர் துப்பாக்கிகள் எனக்கு உதவின. தம்பியின் கை எப்படி என்று தெரியவில்லை. ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக அமர வேண்டும், முன்கை எலும்பும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கடையில் வெறும் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். விற்பனையாளர் என்ன சொன்னாலும் உங்கள் விரல் சொல்வதைக் கேளுங்கள்.

செக்காலை_சுடுநர் எழுதியது:

அத்தை மகனைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் எழுதுகிறேன். காரைக்குடியிலிருந்து உரிமம் பெற்று 25 மீட்டர் பிரிவில் சுடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது இது.

இந்தியாவில் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட காலிபர். சாதாரணக் குடிமகன் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அதற்கு உரிமம் பெற முடியாது. கிடைக்கக்கூடியது .32. ஆர்டினன்ஸ் தொழிற்சாலைகள் செய்யும் .32 பிஸ்டலின் 71 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 900 அடி வேகத்தில் போகிறது. மேலே அண்ணன் சொன்ன முறைப்படி பெருக்கிப் பாருங்கள், 64 வருகிறது. மைனருக்கு வேண்டிய 125இல் அது பாதிதான். அதை வைத்துக்கொண்டு ஐபிஎஸ்சி விதிப்படி ஒரு மதிப்பெண்கூட எடுக்க முடியாது. ஆகவே அந்த விளையாட்டை அதே வடிவில் காரைக்குடியில் தொடங்கலாம் என்று அவரை நம்பவைக்காதீர்கள்.

ஆனால் அதற்கு மிக நெருக்கமான ஒன்று இங்கே இருக்கிறது. உலகச் சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி நடக்கும் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரையிலான காலிபர்களை ஏற்பார்கள். உலகெங்கும் பெரும்பாலோர் அதில் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் என்ற இலேசான தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். பவர் ஃபேக்டர் பற்றிய பேச்சே அங்கே இல்லை. முதல் 30 குண்டுகள் நிதானமாக. அடுத்த 30இல் இலக்கு 3 விநாடி திரும்பி நிற்கும், 7 விநாடி மறைந்திருக்கும். கையை 45 பாகையில் தாழ்த்தி வைத்திருந்து, இலக்கு திரும்பியதும் உயர்த்தி ஒரே குண்டு சுட வேண்டும். ஓட்டம் இல்லை, உறையிலிருந்து உருவுவது இல்லை. ஆனால் குறியைப் பிடிப்பதும் விசையைக் கலங்காமல் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயம் அங்கேயும் உண்டு. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். 2006 தோஹாவில் 590 மதிப்பெண் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்ததும் இதில்தான். ஐந்து இலக்குகளை 8, 6, 4 விநாடிகளில் சுடும் ரேபிட் ஃபயர் பிரிவில் விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார், அது .22.

அத்தை மகன் தொடங்க வேண்டியது இவற்றில் எதுவும் அல்ல, 10 மீட்டர் ஏர் பிஸ்டல். .177 காலிபர், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.தான், அதில் ஒழுங்காகக் குண்டு போடக் கற்றவருக்கு யூஎஸ்பிஎஸ்ஏ அட்டையின் 15 செ.மீ. அகல ஏ பகுதி மைதானமாகத் தெரியும். பக்கத்தில் புதுக்கோட்டையில் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர். அவர் சுடுவது ஷாட்கன் என்றாலும், சுடுதல் என்பது நம் பகுதிக்கு எட்டாத விளையாட்டு அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

உரிமம் பற்றி ஒரு சொல். இப்போது துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது. 2019 திருத்தத்துக்குப் பின் சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தோட்டாவுக்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. பதிவு பெற்ற விளையாட்டு வீரருக்கு அது கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே முதலில் சுடுதல் சங்கத்தில் உறுப்பினராகி, ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி வரைக்கும் போய், பிறகு .22 அல்லது .32 உரிமத்துக்கு எழுதுவதே முறையான வழி. தாத்தா காலத்து இரட்டைக்குழல் உரிமம் வீட்டில் இருக்கிறதே, அதை மாற்றிக்கொள்ளலாமே என்று இங்கே பலர் கேட்கிறார்கள். அது தனி நடைமுறை; விளையாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கண்டனூர்_இளையவன் எழுதியது:

செக்காலை அண்ணனுக்கு மிக்க நன்றி. அத்தை மகனிடம் காட்டினேன். ஏர் பிஸ்டல் என்றதும் முகம் சுருங்கியது, 590 என்ற எண்ணைப் படித்ததும் மறுபடி மலர்ந்தது. நானும் 9 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது எஞ்சியிருப்பது எந்தத் துப்பாக்கி என்பதுதான். புரொடக்‌ஷனில் முன்னணியில் இருப்பவர்கள் பலர் சிஇசட் ஷேடோ 2 வைத்திருக்கிறார்கள். கிளாக் 17 அதன் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கொஞ்சம் பொறுத்து, பணம் சேர்த்து, நல்லதையே வாங்கிவிடலாமா?

கோனாபட்டு_குறிகாரன் எழுதியது:

ஷேடோ 2 வாங்குங்கள். ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ள எஃகு. கிளாக் அதில் பாதி. ஒரே தோட்டாவை இரண்டிலும் போட்டுச் சுட்டுப் பாருங்கள்; கனமான துப்பாக்கி கையில் அசைவதே குறைவு, இரண்டாவது குண்டுக்குக் குறி உடனே திரும்பி வந்துவிடும். எப்படியும் இரண்டு வருடத்தில் அதற்குத்தான் மாறப் போகிறீர்கள்.

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

எடையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. இருந்தும் முதல் துப்பாக்கியாக அதை நான் பரிந்துரைக்கத் தயங்குவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல.

ஷேடோ 2இல் தோட்டா ஏற்றிய பிறகு, புரொடக்‌ஷன் விதிப்படி சுத்தியலைக் கீழே இறக்கி வைத்த நிலையில்தான் உறையில் போட வேண்டும். அந்தத் துப்பாக்கியில் சுத்தியலை இறக்கித் தரும் நெம்புகோல் கிடையாது. கட்டைவிரலால் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, குழலில் தோட்டா இருக்கும்போதே விசையை இழுத்து, மெல்ல இறக்க வேண்டும். போட்டிப் பதற்றத்தில் விரல் வழுக்கினால் குண்டு வெடிக்கும். அந்த நொடியே போட்டியிலிருந்து வெளியேற்றுவார்கள், அதுவும் குழல் பாதுகாப்பான திசையில் இருந்திருந்தால் கிடைக்கும் நல்ல முடிவு. ரேஞ்ச் அதிகாரியாக நிற்கும்போது புதியவர் ஒருவர் அந்தச் சுத்தியலை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு மிகவும் சங்கடமான நேரம். அதன் பிறகு முதல் குண்டுக்கு நீளமான கனத்த இழுப்பு, இரண்டாவதிலிருந்து குறுகிய இலேசான இழுப்பு என்று இரண்டு வகை விசையைக் கற்க வேண்டும். கிளாக் போன்ற ஸ்ட்ரைக்கர் வகையில் எல்லாக் குண்டுக்கும் ஒரே இழுப்பு, இறக்க வேண்டிய சுத்தியலும் இல்லை. பாதுகாப்பு விதிகளே மூளையை நிறைத்திருக்கும் முதல் சில மாதங்களில் அந்த எளிமைக்கு மதிப்பு அதிகம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். ஷேடோ 2 வாங்கினால் உங்கள் 1,500 டாலரில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஐந்தாறு ஸ்டேஜ் உள்ள கிளப் போட்டி ஒன்றுக்கே நூறு முதல் நூற்றைம்பது தோட்டா வரை செலவாகும். பயிற்சிக்கு வேண்டியது வேறு. உறை, உறுதியான இடைவார், மேகசின் நான்கைந்து, அவற்றுக்கான பைகள், கண்ணாடி, காதுக் கவசம் என்று பட்டியல் நீளும். கல்யாண வீட்டில் சாமான் பரப்புவது போல எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி அடுக்க வேண்டியதில்லை, ஆனால் தோட்டாவுக்குப் பணம் இல்லாமல் போகக் கூடாது. துப்பாக்கிக்கு ஏறத்தாழ 600, உபகரணங்களுக்கு 300, மீதி முழுவதும் தோட்டாவுக்கு என்று பிரித்துக்கொண்டால் உங்களுக்குக் குறை வராது. கிளாக்தான் வேண்டும் என்பதில்லை. வால்தர் பிடிபி, சிக் பி320, துருக்கியின் கனிக் என்று அதே வகையில் பல இருக்கின்றன. ஆச்சி சொன்ன விரல் சோதனையில் எது தேறுகிறதோ அதை எடுங்கள்.

புதுவயல்_வாசகன் எழுதியது:

1911க்கு இனி யாரும் வாக்களிக்கப் போவதில்லை என்று தெரிகிறது. இருக்கட்டும். ஒரு சந்தேகம்: 115 கிரெய்னா, 147 கிரெய்னா? பவர் ஃபேக்டர் ஒன்றே என்றால் உதையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

கோனாபட்டு_குறிகாரன் எழுதியது:

பெரும்பகுதி ஒன்றுதான், முழுவதும் அல்ல. பவர் ஃபேக்டர் குண்டின் உந்தத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. குழலிலிருந்து பாய்ந்து வெளியேறும் வெடிமருந்து வாயுவும் துப்பாக்கியைப் பின்னே தள்ளும். கனமான குண்டை மெதுவாக அனுப்பக் குறைந்த மருந்து போதும் என்பதால் அந்த வாயுவின் பங்கு குறைகிறது, தள்ளுதலும் சற்று இழுபட்டு மென்மையாக உணரப்படுகிறது. அதனால்தான் போட்டிக்காரர்கள் பலர் 147ஐ நாடுகிறார்கள். தம்பிக்கு இப்போது அந்த வேறுபாடு தெரியாது. விலை குறைந்த 115ஐ வாங்கிப் பழகட்டும்.

கண்டனூர்_இளையவன் எழுதியது:

ஹூஸ்டன் போகும் வரை இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நேராக நீண்டு கிடக்கிறது.

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

அந்த நீளம் யாருக்குக் கிடைக்கும், தம்பி! நான் இங்கே கார் நிறுத்தும் இடத்தில் மூலைக்கு மூலை ஒதுங்கி நின்று பழகுகிறேன். அத்தை மகனோடு சேர்ந்து ஒரு ஏர் பிஸ்டல் வாங்கி வளவில் பத்து மீட்டர் அளந்துகொள்ளுங்கள். பின்னால் குண்டு தெறிக்காத தடுப்பு வையுங்கள். தெருக் கதவையும் இரண்டாம் கட்டுக் கதவையும் சாத்தித் தாழிட்டுவிட வேண்டும். வளவில் ஆள் நடமாட்டம் இருக்கும் வேளையில் தொடவே கூடாது. கல்யாண வீடு என்கிறீர்கள், ஆகவே விருந்தினர் எல்லாம் ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியே இல்லாமலும் பாதி விளையாட்டைப் பழகலாம். இந்த விளையாட்டில் சுடும் நேரத்தைவிட இடம் மாறும் நேரம்தான் அதிகம் வீணாகிறது. இலக்கு அட்டையை மூன்றில் ஒரு பங்கு அளவில் வெட்டித் தூண்களில் ஒட்டினால், 3.3 மீட்டரிலிருந்து பார்க்கும்போது முழு அட்டை 10 மீட்டரில் இருப்பது போல் தெரியும். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குக் கண்ணை முதலில் நகர்த்தி, பிறகு கைகளை நகர்த்தப் பழகுங்கள். நின்ற பிறகு குறி வைக்காமல், நிற்கும்போதே குறி தயாராக இருக்க வேண்டும். அங்கே போய்த் துப்பாக்கி வாங்கிய பின் இதையே வெறும் துப்பாக்கியால் செய்யலாம். அப்போது அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

செக்காலை_சுடுநர் எழுதியது:

ஆச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை என்பதற்காக அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவிலோ ஊருணிக் கரையிலோ போய்விடாதீர்கள். பார்க்கிறவருக்கு அது நிஜத் துப்பாக்கிதான். வாங்கிய ரசீதையும் அடையாள அட்டை நகலையும் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

கண்டனூர்_இளையவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் ரெட் டாட் என்ற, சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடியைப் பொருத்திச் சுடுகிறார்கள். எனக்கு வயது 34, கண்ணாடி அணிவதில்லை. இரும்புக் குறியிலேயே தொடங்கட்டுமா, டாட்டையும் சேர்த்து வாங்கிவிடட்டுமா?

தேவகோட்டை_டல்லாஸ் எழுதியது:

என்னைப் போல் நாற்பது கடந்து முன்குறி மங்கலாகத் தெரியத் தொடங்கியவருக்கு டாட் பெரிய உதவி; இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து அமரும். உங்கள் கண்ணுக்கு அந்த அவசரம் இல்லை. தொடக்கத்தில் உறையிலிருந்து உருவியதும் புள்ளி எங்கே என்று கண்ணாடிக்குள் தேடுவதே வேலையாகிவிடும்; பிடி சீரானால்தான் அது தானாக வந்து நிற்கும். ஆகவே முதல் சில போட்டிகளை இரும்புக் குறியோடு புரொடக்‌ஷனில் சுடுங்கள். துப்பாக்கியை வாங்கும்போது மட்டும் ஸ்லைடில் (குழலின் மேல் நகரும் பகுதியில்) டாட் பொருத்தும் தளம் வெட்டிய மாடலாகக் கேட்டு வாங்குங்கள். விலையில் வேறுபாடு அதிகம் இருக்காது, பின்னால் ஸ்லைடைக் கொடுத்து வெட்டச் சொல்லும் செலவு மிச்சமாகும். உங்கள் பக்கத்துக் கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, புதியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு எப்போது என்று கேளுங்கள். பல கிளப்புகள் அது முடிந்த பிறகுதான் உறையிலிருந்து உருவிச் சுட விடுவார்கள், ஆகவே துப்பாக்கி வாங்கும் முன்பே அந்தத் தேதியைக் குறித்துவிடுவது நல்லது.